மார்ச் 31 மாலையின் சரக்கு: விசால் என்ற பெயரும் இரண்டு இருப்புநிலைக் குறிப்புகளும்

‘விசால்’ என்ற பெயர் இந்தியப் பங்குச் சந்தையில் இருமுறை பட்டியலிடப்பட்டது. முதல் முறை 2007 ஜூலையில், தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட விசால் ரீடெய்ல் நிறுவனமாக. பங்கு ஒன்று 270 ரூபாய் விலையில் அது மக்களிடமிருந்து சுமார் 110 கோடி ரூபாய் திரட்டியது. இரண்டாம் முறை 2024 டிசம்பரில், குருகிராமைத் தலைமையிடமாகக் கொண்ட விசால் மெகா மார்ட் நிறுவனமாக. இம்முறை பங்கின் விலை 78 ரூபாய், வெளியீட்டின் அளவு 8,000 கோடி. சட்டத்தின் கண்ணில் இவை இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். கடைப்பலகையை மட்டும் அறிந்த வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றே. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் கடையின் உரிமை மாறியது; கடையின் கணக்கு எழுதப்படும் இலக்கணமும் மாறியது. முதல் மாற்றத்தைப் பற்றி வணிக இதழ்கள் ஏராளமாக எழுதிவிட்டன. இரண்டாவது மாற்றம் ஆண்டறிக்கைகளின் பின்பக்கங்களில், ‘முக்கியக் கணக்கியல் கொள்கைகள்’ என்ற தலைப்பின் கீழ், பெரும்பாலோர் புரட்டாமல் கடந்துவிடும் சிறிய எழுத்துகளில் கிடக்கிறது.

நிறுவனர் இராம் சந்திர அகர்வாலின் வணிகம் கொல்கத்தாவில் 1980களின் நடுவில் ஒரு நகலகத்தோடு தொடங்கிப் பின்னர் ஆயத்த ஆடைக்கடையாக மாறியது. 2001இல் அவர் தில்லிக்கு இடம்பெயர்ந்தார். தலைநகருக்குப் பெருங்கடை புதிதன்று. 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபின் விலையேற்றத்தைத் தடுக்க அரசின் ஆதரவோடு தொடங்கப்பட்ட கூட்டுறவு நிறுவனமான சூப்பர் பஜார், கன்னாட் பிளேசில் பல பத்தாண்டுகள் நடந்தது; அதைக் கலைக்கும் ஆணை 2002 ஜூலையில் வந்தது. அரசு சார்ந்த பெருங்கடை மூடப்பட்ட அதே காலத்தில், நடுத்தர வருவாய்க்கும் கீழ்நிலைக் குடும்பங்களுக்கு மலிவான ஆயத்த ஆடை விற்கும் தனியார் பெருங்கடை அந்நகரிலிருந்து வட இந்தியச் சிறுநகரங்களை நோக்கிப் பரவத் தொடங்கியது. பங்கு வெளியீட்டின்போது விசாலுக்குச் சுமார் 50 கடைகள் இருந்தன. 2006-07இல் அதன் விற்பனை சுமார் 600 கோடி. அடுத்த ஆண்டு சுமார் 1,000 கோடி. நிகர இலாபம் முறையே 25 கோடி, 40 கோடி என்ற அளவில் நின்றது.

இந்த 25, 40 என்ற எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதிலிருந்துதான் சில்லறை வணிகக் கணக்கின் வரலாற்றைத் தொடங்க வேண்டும்.

சில்லறை நிறுவனம் ஒன்றின் விற்பனையை அளப்பது எளிது. பணம் கல்லாவில் விழுகிறது, பட்டியல் அச்சாகிறது. வாங்கிய சரக்கின் தொகையையும் வழங்குநரின் பட்டியல்கள் சொல்லிவிடும். ஆனால் விற்ற சரக்கின் அடக்கவிலை எவ்வளவு என்பதை எந்தத் தனித்தாளும் நேரடியாகச் சொல்லாது. தொடக்கச் சரக்கிருப்போடு வாங்கியதைக் கூட்டி, இறுதிச் சரக்கிருப்பைக் கழித்தால் கிடைப்பதே விற்றதன் அடக்கம். ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 100 கோடிச் சரக்கு. ஆண்டில் வாங்கியது 500 கோடி. விற்பனை 600 கோடி. வாடகை, ஊதியம், வட்டி எல்லாம் சேர்த்து 120 கோடி. ஆண்டிறுதியில் 150 கோடிச் சரக்கு மிச்சம் என்று எழுதினால் விற்றதன் அடக்கம் 450 கோடி, மொத்த இலாபம் 150 கோடி, நிகரம் 30 கோடி. மிச்சம் 130 கோடி என்று எழுதினால் நிகரம் 10 கோடி. ஒரு விற்பனைச் சீட்டும் மாறவில்லை, ஓர் ஊழியரின் சம்பளமும் கூடவில்லை. இறுதிச் சரக்கிருப்பு என்ற ஒரே எண்ணில் 13 விழுக்காடு குறைய, இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு இதற்குப் பழிவாங்கும் என்பது உண்மை. கூட்டிச் சொல்லப்பட்ட 150 கோடி அடுத்த ஆண்டின் தொடக்கச் சரக்கிருப்பாக வந்து நிற்கும். அந்த 20 கோடியை அந்த ஆண்டின் இலாபம் விழுங்கியாக வேண்டும். ஆனால் கடைகள் இரட்டிப்பாகிக்கொண்டே போகும் நிறுவனத்தில் அடுத்த ஆண்டின் இறுதிச் சரக்கிருப்பு இன்னும் பெரிதாக இருக்கும். பழைய பிழை புதிய பெருக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். வளர்ச்சி நிற்கும் ஆண்டில்தான் எல்லா ஆண்டுகளின் பிழையும் ஒருசேர வெளியே வரும். வஞ்சகம் எதுவும் இல்லாத நிறுவனத்திலும், நம்பிக்கையோடு மதிப்பிட்டவர்களின் கணக்கிலும், இதே கதிதான்.

தமிழில் ‘இருப்பு’ என்ற சொல்லுக்கு உளதாயிருத்தல் என்றும் பொருள், கையில் எஞ்சியிருப்பது என்றும் பொருள். சரக்கிருப்பு, கையிருப்பு, இருப்புநிலைக் குறிப்பு என்று தமிழ்நாட்டுப் பாடநூல்களின் கணக்கியல் சொற்கள் பலவும் இந்த வேரிலிருந்து கிளைத்தவை. இலங்கைத் தமிழில் இருப்புநிலைக் குறிப்புக்கு ‘ஐந்தொகை’ என்ற பழஞ்சொல் உண்டு. தணிக்கையாளர் ஒரு கிடங்கின் வாயிலில் நின்று கேட்க வேண்டிய முதல் வினா, எழுதப்பட்ட சரக்கு உண்மையில் உளதா என்பதே. இரண்டாவது வினா, உளது என்றால் அதன் மதிப்பு என்ன என்பது. தமிழ்ச்சொல் முதல் வினாவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. இரண்டாவது வினாவுக்கு எந்த மொழியின் சொல்லிலும் விடை இல்லை. அதற்குக் கொள்கை வேண்டும்.

அக்கொள்கை எழுதப்பட்ட இடம் தில்லி. பட்டயக் கணக்காளர் சட்டம் 1949இல் இயற்றப்பட்டு, அதன்வழி இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தோன்றியது; அதன் தலைமையகம் தில்லி இந்திரப்பிரஸ்த மார்க்கத்தில் உள்ளது. அந்நிறுவனம் 1977இல் கணக்கியல் தரநிலை வாரியத்தை அமைத்தது. சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கான இரண்டாம் தரநிலை 1981இல் வந்தது, 1999இல் திருத்தப்பட்டது. அதன் மையவிதி ஒற்றை வாக்கியத்தில் அடங்கும்: சரக்கை அடக்கவிலையிலோ, விற்றால் செலவுபோகக் கையில் நிற்கக்கூடிய நிகரத் தொகையிலோ, எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும். கடைசியில் வந்த சரக்கு முதலில் விற்றதாகக் கொள்ளும் முறை 1999 திருத்தத்தோடு விடைபெற்றது. முதலில் வந்தது முதலில் விற்றது என்ற முறையும் எடையிட்ட சராசரி முறையும் நிலைத்தன. 2006இல் நடுவணரசு இத்தரநிலைகளை நிறுவனச் சட்டத்தின் விதிகளாகவே அறிவித்தது. விசால் பங்குச் சந்தைக்கு வந்தபோது அவ்விதிகளுக்கு வயது சில மாதங்களே.

ஆனால் பல்லாயிரம் வகைப் பொருள்களை ஐம்பது ஊர்களில் விற்கும் கடைக்கு ஒவ்வொரு சட்டையின் அடக்கவிலையையும் தேடிப் பிடிப்பது கடினம் என்பதைத் தரநிலை எழுதியோர் அறிந்திருந்தனர். எனவே சில்லறை முறை என்ற ஒன்றையும் அனுமதித்தனர். அலமாரியில் இருக்கும் சரக்கின் விற்பனைவிலையைக் கூட்டி, அதிலிருந்து வழக்கமான மொத்த இலாப விழுக்காட்டைக் கழித்துவிட்டால் அடக்கவிலை கிடைத்துவிடும் என்பது அம்முறை. சீட்டில் 1,000 ரூபாய் என்று எழுதிய கம்பளிச் சட்டையின் அடக்கம் 60 விழுக்காடு என்றால் கணக்கில் அது 600 ரூபாய். பருவம் முடிந்து, அந்தச் சட்டை 500 ரூபாய்க்குத்தான் போகும் என்ற நிலை வந்தால் அதன் மதிப்பு 500க்கும் கீழே இறங்க வேண்டும். விலைச்சீட்டை மாற்றாமல் விட்டால் ஏட்டில் 600 என்றே நிற்கும். சட்டை ஒன்றுக்கு 100 ரூபாய்க்கு மேல் நட்டம் மறைந்திருக்கும். விலைச்சீட்டை 500 என்று மாற்றி, அதே 60 விழுக்காட்டைப் போட்டால் ஏட்டில் 300 ஆகிவிடும். இப்போது நட்டம் மிகையாகக் காட்டப்படும். தள்ளுபடி விலையைக் கணக்கில்கொண்டே விழுக்காட்டைத் தீர்மானிக்க வேண்டும் என்று தரநிலை இரண்டு பக்கத்தையும் எச்சரிக்கிறது. எச்சரிக்கையைச் செயலாக்க வேண்டியவர் யாரோ ஒரு கிளை மேலாளர். அவருடைய கையில் இருப்பது விலை ஒட்டும் இயந்திரம். கணக்கியல் தரநிலைகளைத் தில்லியில் அமர்ந்து எழுதியோர் இந்த இயந்திரத்தை எவ்வளவு எண்ணிப்பார்த்தனரோ தெரியவில்லை.

கம்பளிச் சட்டையை இங்கே எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. கணக்காண்டு எந்த நாளில் முடிகிறது என்பதற்கும் சில்லறை வணிகனின் அலமாரிக்கும் உள்ள உறவு, இந்தியக் கணக்கியல் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று. சாந்தினி சௌக் வணிகர்கள் சிவப்புத் துணியட்டை போட்ட பகி ஏட்டைத் தீபாவளியன்று பூசையில் வைத்துப் புதுக்கணக்குத் தொடங்கினர். தமிழ்நாட்டில் சித்திரைப் பிறப்பிலோ விசயதசமியிலோ புதுக்கணக்கு எழுதும் வழக்கம் உண்டு. தீபாவளியைக் கணக்கு முடியும் நாளாகக் கொண்டதில் பக்தியோடு கலந்து ஒரு கூர்மையான வணிக அறிவும் இருந்தது. திருவிழா விற்பனை முடிந்த அன்று கடையில் சரக்கு மிகக் குறைவு, கல்லாவில் பணம் மிக அதிகம். எண்ண வேண்டியது கொஞ்சம். மதிப்பிட்டு ஊகிக்க வேண்டியது இன்னும் கொஞ்சம். ஐயத்துக்குரிய எண் மிகச் சிறிதாக இருக்கும் நாளில் கணக்கை முடிப்பது கணக்கின் நம்பகத்தைத் தானாகவே கூட்டும். அமெரிக்கப் பெருங்கடைகள் பலவும் கிறித்துமசு விற்பனையும் அதன் எச்சங்களும் தீர்ந்தபின், ஜனவரி இறுதியில் ஆண்டை முடிப்பது இதே அறிவின்பாற்பட்டதுதான். வால்மார்ட்டின் கணக்காண்டு ஜனவரி 31இல் முடிகிறது.

இந்தியாவில் இந்த உரிமை இரண்டு படிகளில் மறைந்தது. வருமானவரிக்கான கணக்காண்டு எல்லோருக்கும் மார்ச் 31இல் முடிய வேண்டும் என்ற விதி 1989-90 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் அதையே நிறுவனங்களின் நிதியாண்டுக்கும் பொதுவிதியாக்கியது. வரித்துறைக்கு இது வசதி; நிறுவனங்களை ஒப்பிட்டுப் படிக்கும் மாணவருக்கும் வசதி. வட இந்தியாவின் ஆடைக்கடைக்கு மட்டும் இதைவிடத் தொல்லையான நாள் வேறில்லை. மார்ச் இறுதியில் தில்லியில் குளிர் போய்விட்டிருக்கும். விற்காத கம்பளியும் கோட்டும் சால்வையும் அடுத்த நவம்பர் வரை உறங்கக் கிடங்கில் அடுக்கப்பட்டிருக்கும். கோடைக்கான பருத்தி ஆடைகள் வந்து இறங்கியிருக்கும். அவற்றின் விற்பனை இன்னும் தொடங்கியிராது. பழைய பருவத்தின் மிச்சமும் புதிய பருவத்தின் எதிர்பார்ப்பும் ஒரே கூரையின்கீழ் நிற்கும் மாலையில் கணக்கை முடிக்கச் சொல்கிறது சட்டம். அடுத்த குளிரில் அந்தக் கோட்டு முழுவிலைக்குப் போகும் என்று நம்பும் மேலாளரை மறுக்க மார்ச் மாதத்தில் யாரிடமும் சான்று இராது. அதே கோட்டு சென்னையில் கிளை நடத்தும் நிறுவனத்துக்கு ஒரு சிக்கலே அன்று. தட்பவெப்பம் கணக்கியல் கொள்கையில் எவ்வளவு தூரம் புகுகிறது என்பதற்கு இதுவே போதும்.

மதிப்பு இருக்கட்டும், எண்ணிக்கையேனும் உறுதியானதா? தணிக்கையாளரின் அறிக்கை குறித்து 2003இல் நடுவணரசு பிறப்பித்த ஆணை, நிர்வாகம் தகுந்த இடைவெளியில் சரக்கை நேரில் எண்ணிச் சரிபார்த்ததா, வேறுபாடுகள் ஏட்டில் சரியாகத் தீர்க்கப்பட்டனவா என்று தணிக்கையாளர் சொல்ல வேண்டும் என்றது. அந்நாளைய ஆண்டறிக்கைகளில் இதற்கான விடைகள் அச்சுவார்ப்பு வாக்கியங்களாக ஆண்டுதோறும் திரும்பி வரும்: சரிபார்ப்பு தகுந்த இடைவெளியில் நடந்தது, வேறுபாடுகள் குறிப்பிடத்தக்கவை அல்ல. ‘தகுந்த’, ‘குறிப்பிடத்தக்க’ என்ற இரண்டு பெயரடைகளின் மேல் ஆயிரம் கோடி ரூபாய் விற்பனையின் நம்பகம் நின்றது. திருட்டு, உடைசல், பட்டியலில் தவறு, ஒரு கிளையிலிருந்து மறுகிளைக்குப் போகும் வழியில் காணாமற்போதல் என்று சில்லறைக் கடையில் சரக்கு கரையும் வழிகள் பல. அக்கரைவை எண்ணினால்தான் காணமுடியும். எண்ணாதவரை கணினியில் அது சரக்காகவே இருக்கும்.

இதில் வங்கிக்கும் ஒரு பங்கு உண்டு. நடைமுறை மூலதனக் கடன் பெறும் வணிகர் மாதந்தோறும் வங்கிக்குச் சரக்கிருப்பு அறிக்கை அளிக்கிறார். அந்தத் தொகையில் வழங்குநருக்குத் தர வேண்டியதைக் கழித்து, ஒரு பகுதியை விளிம்பாக ஒதுக்கி, மீதிக்கு ஏற்பக் கடன் எடுக்கும் வரம்பை வங்கி நிர்ணயிக்கிறது. ஆக, சரக்கு உயர்ந்தால் இலாபமும் உயர்கிறது, கடன் வரம்பும் உயர்கிறது. அந்தக் கடனில் மேலும் சரக்கு வாங்கலாம். விற்காத சரக்கு ஏட்டில் சுமையாகத் தெரியாமல் ஆதாரமாகத் தெரியும் விந்தை இங்கே நிகழ்கிறது.

2007க்கும் 2009க்கும் இடையில் விசாலின் கடைகள் மும்மடங்குக்கு மேலாகி 170ஐக் கடந்தன. ஒவ்வொரு புதிய கடைக்கும் குத்தகை, முன்வைப்புத்தொகை, உள்ளலங்காரம், குளிர்சாதனம், முதற்சரக்கு. இவற்றுள் உள்ளலங்காரச் செலவு அந்த ஆண்டின் இலாபத்தைத் தொடாது. அது சொத்தாக ஏட்டில் ஏறி, குத்தகைக் காலத்துக்குள் தேய்மானமாகச் சிறிது சிறிதாகக் கரையும். முறை சரியானதுதான். ஆனால் அதற்கொரு பக்கவிளைவு உண்டு. நட்டத்தில் ஓடும் கடையை இழுத்து மூடினால், கரையாமல் எஞ்சிய தொகை முழுவதும் அதே ஆண்டில் நட்டமாகிவிடும். மூடாமல் ஓட்டினால் நட்டம் தவணையில் வரும். கடையை மூடுவதா என்று முடிவெடுக்கும் அறையில் இந்தக் கணக்குவிதியும் ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை, அந்நாளைய இருப்புநிலைக் குறிப்பின் வடிவத்திலேயே இருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் அட்டவணை கடன்களைப் பிணையுள்ளவை, பிணையற்றவை என்றுதான் முதன்மையாகப் பிரித்துக் காட்டியது. பிணை என்ன என்பது கடன்கொடுத்தவரின் கவலை. பங்குதாரர் அறிய வேண்டியது, எவ்வளவு கடன் இன்னும் பன்னிரண்டு மாதத்துக்குள் திருப்பித்தர வேண்டியது என்பதை. நடப்பு, நடப்பல்லாதது என்ற பிரிவு திருத்தப்பட்ட ஆறாம் அட்டவணையோடு 2011-12 நிதியாண்டில்தான் இந்திய நிறுவனங்களின் கணக்கில் நுழைந்தது. விசாலின் வீழ்ச்சிக்குப் பின்னர் எல்லோரும் சுட்டிய காரணம், நீண்டகாலம் பயன்தரும் கடைகளைக் குறுகியகாலக் கடனில் கட்டியது. அந்தப் பொருத்தமின்மையை ஒரே பார்வையில் காட்டும் படிவம், வீழ்ச்சி முடிந்தபின் வந்து சேர்ந்தது. 270 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளர் ஆண்டறிக்கையை எவ்வளவு கவனமாகப் படித்திருந்தாலும், குறிப்பேட்டின் இணைப்புகளில் சிதறிக்கிடந்த துண்டுகளைத் தாமே ஒட்டித்தான் அதைக் கண்டிருக்க முடியும்.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தது. கடன் சந்தை உறைந்தது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் தம் கணக்கு பொய் என்று தாமே எழுதிக்கொடுத்தார். அடுத்த சில வாரங்களிலேயே சுபிட்சா மூடப்பட்டது. 1997இல் சென்னையில் தொடங்கித் தில்லி வரை சுமார் 1,600 கடைகளாகப் பரவிய அந்நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதது; எனவே காலாண்டுக் கணக்கை வெளியிடும் கடமையும் அதற்கு இல்லை. 2007-08ஆம் ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை என்பது, அதில் முதலீடு செய்தோருக்கும் நிறுவனருக்கும் இடையே வெளிப்படையாக நடந்த பூசலின் ஒரு மையப்பொருள். விசாலையும் சுபிட்சாவையும் ஒரே தராசில் வைப்பது பிழை. ஒன்று கணக்கை வெளியிட்டுக்கொண்டே தளர்ந்தது. மற்றொன்றின் தளர்ச்சியைக் காட்டவேண்டிய கணக்கே வரவில்லை. எனினும் வாடிக்கையாளரும் வழங்குநரும் ஊழியரும் இரண்டையும் முதலில் அறிந்துகொண்ட விதம் ஒன்றுதான்: அலமாரி காலியாக இருந்தது. காலி அலமாரியைக் காட்டும் அறிக்கை எந்தச் சட்டத்திலும் இல்லை.

விசாலின் கடன் சுமார் 730 கோடியை எட்டி, வங்கிகளின் கடன் மறுசீரமைப்புக்குப் போனது. 2011இல் வணிகம் சுமார் 70 கோடி ரூபாய்க்குக் கைமாறியது. கைமாறிய விதம் கணக்கியல் மாணவருக்குச் சுவையானது. பல்பொருட்குறிச் சில்லறை வணிகத்தில் அயல்நாட்டு முதலீட்டுக்கு அன்று இடமில்லை. 51 விழுக்காடு வரை அனுமதிக்கும் முடிவு 2012 செப்டம்பரில்தான் வந்தது. மொத்த வணிகத்தில் நூறு விழுக்காடும் அனுமதி இருந்தது. எனவே கடைகள் ஸ்ரீராம் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கும், மொத்த வணிகப் பகுதி அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டிபிஜியின் நிறுவனத்துக்கும் என்று ஒரு கடை இரண்டு கணக்கேடுகளாகப் பிளந்தது. கிடங்கிலிருந்து அலமாரிக்குச் சரக்கு நகர்வது முன்பு வெறும் இடமாற்றம். இப்போது அது ஒரு விற்பனை. ஒரே சட்டை ஓர் ஏட்டில் வருவாயாகவும் மற்றோர் ஏட்டில் சரக்கிருப்பாகவும் ஒரே நாளில் பதிவாகும். இரு நிறுவனங்களும் பட்டியலிடப்படாதவை. அடுத்த பல ஆண்டுகளுக்கு அவற்றின் காலாண்டுக் கணக்கைச் சந்தை காணவில்லை. பழைய நிறுவனமோ வி2 ரீடெய்ல் என்று பெயர் மாற்றிக்கொண்டு பங்குச் சந்தையிலேயே நின்றது. 2007இல் பங்கு வாங்கியோரிடம் எஞ்சியது அந்தப் பங்கு. பெயர் வேறொருவரோடு போய்விட்டது.

இதற்கிடையில் இலக்கணம் மாறியது. பன்னாட்டுத் தரநிலைகளைத் தழுவிய புதிய இந்தியக் கணக்கியல் தரநிலைகள் 2016 ஏப்ரல் முதல் பெரு நிறுவனங்களுக்குக் கட்டாயமாயின. 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கை ஆணையம் தில்லியில் நிறுவப்பட்டு, தணிக்கையாளர்களைத் தண்டிக்கும் அதிகாரம் அவர்களுடைய சொந்த அமைப்பிலிருந்து பெருமளவு வெளியே நகர்ந்தது. சில்லறை நிறுவனங்களை மிகவும் உலுக்கியது 2019 ஏப்ரல் முதல் வந்த 116ஆம் தரநிலை. அதுவரை கடை வாடகை என்பது ஒரு மாதச்செலவு. பத்தாண்டுக் குத்தகையில் கையெழுத்திட்ட கடமை இருப்புநிலைக் குறிப்பில் எங்கும் தென்படாது. புதிய விதியில் வருங்கால வாடகைகளின் இன்றைய மதிப்பு கடனாகவும், கடையைப் பயன்படுத்தும் உரிமை சொத்தாகவும் ஏறுகின்றன. வாடகை என்ற செலவு மறைந்து, தேய்மானம், வட்டி என்ற இரண்டு வரிகளாகத் திரும்பி வருகிறது. நல்ல விதிதான், 2008இல் இது இருந்திருந்தால் 170 கடைகளின் குத்தகைச்சுமை முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். ஆனால் வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய இலாபம் என்று பகுப்பாய்வாளர் விரும்பிச் சுட்டும் எண் இதனால் ஒரே இரவில் வீங்கிவிட்டது. ஏனெனில் வாடகை இப்போது அந்த எண்ணுக்குக் கீழே போய்விட்டது. 2007 விசாலின் அந்த எண்ணையும் 2024 விசாலின் அந்த எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஆய்வேடு, இரண்டு வெவ்வேறு மொழிகளின் சொற்களை ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக ஒரே வேர் என்று கூறும் பிழையைச் செய்கிறது.

தணிக்கை ஆணையும் கூர்மையடைந்தது. 2003இல் ‘குறிப்பிடத்தக்க’ என்றிருந்த இடத்தில், 2021-22 முதல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டு ஆணை, ஒவ்வொரு சரக்கு வகையிலும் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வேறுபாடு காணப்பட்டதா என்று கேட்கிறது. ஐந்து கோடிக்கு மேல் நடைமுறை மூலதன வரம்பு உள்ள நிறுவனம், வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த சரக்கு அறிக்கை ஏட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் கேட்கிறது. வங்கிக்கு ஓர் எண், பங்குதாரருக்கு ஓர் எண் என்ற பழைய இடைவெளி முதன்முறையாக ஆண்டறிக்கையில் வெளிப்பட வேண்டியதாயிற்று. சரக்கின் அளவு மட்டுமே கண்காணிக்கப்பட்டால் போதாது என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. 2014 செப்டம்பரில் பிரிட்டனின் டெஸ்கோ நிறுவனம் தன் இலாபம் சுமார் 25 கோடி பவுண்டு மிகையாகச் சொல்லப்பட்டதை ஒப்புக்கொண்டது. அங்கே கிடங்கில் ஒரு பெட்டியும் குறையவில்லை. வழங்குநர்களிடமிருந்து வரவேண்டிய விற்பனை ஊக்கத்தொகைகளை உரிய காலத்துக்கு முன்பே வருவாயில் சேர்த்திருந்தனர். எண்ணி அறிய முடியாத இடத்துக்குக் கணக்கின் மென்பகுதி நகர்ந்திருந்தது.

2018இல் விசால் மெகா மார்ட்டை பார்ட்னர்ஸ் குரூப், கேதாரா கேபிட்டல் என்ற முதலீட்டு நிறுவனங்கள் வாங்கின. அத்தகைய கைமாற்றத்தில், கொடுத்த விலைக்கும் அடையாளங்காணத்தக்க சொத்துகளின் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு நற்பெயர் என்ற சொத்தாக ஏட்டில் ஏறுகிறது. புதிய தரநிலையில் நற்பெயருக்கு ஆண்டுத் தேய்மானம் கிடையாது. மதிப்புக் குறைந்ததா என்று ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். 2011இல் 70 கோடிக்கு விற்கப்பட்ட பெயர் இப்படித்தான் பின்னாளில் எண்ணாகியது. அப்பெயரை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்த 2024 வெளியீட்டின் 8,000 கோடியும் பழைய உரிமையாளரின் பங்குவிற்பனை. நிறுவனத்துக்குப் புதிய மூலதனமாக அதில் ஒரு ரூபாயும் வரவில்லை. 2007இன் 110 கோடியோ புதிய கடைகள் திறப்பதற்காகத் திரட்டப்பட்டது.

இன்று வி2 ரீடெய்லும் விசால் மெகா மார்ட்டும் ஒரே சந்தையில் அருகருகே விலைபேசப்படுகின்றன. இரண்டின் கணக்காண்டும் மார்ச் 31இல் முடிகிறது. இரண்டின் அறிக்கையிலும் சரக்கிருப்புக்கான கொள்கை ஒருசில வாக்கியங்களே: அடக்கவிலை அல்லது நிகரத் தொகை, எது குறைவோ அது. குளிர்காலக் கோட்டுகளுக்கென்று தனி வரி எதுவும் இல்லை.